பழைய டாஸ் சாகச ஆட்டங்களை நிறுவ: முதலில் அந்த பேட்ச் ஃபைலைப் படியுங்கள்

விண்டோஸுக்கு முன்னால் பிசிகளில் கட்டளை தட்டி இயக்கிய டாஸ் என்ற இயங்குதளத்துக்கான பழைய சாகச ஆட்டம் ஒன்றின் ஃபிளாப்பி கையில் கிடைத்தால் எடுத்த எடுப்பில் இன்ஸ்டால் என்று தட்டி என்டர் அடித்துவிடாதீர்கள். முதலில் "டைப் இன்ஸ்டால்.பேட்" என்று தட்டுங்கள். அது ஒரு பேட்ச் (batch) ஃபைல், அதாவது டாஸ் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த ஃபைல், அதில் உள்ளது அப்படியே திரையில் வரும். பெரும்பாலும் சில வரிகள்தான் இருக்கும், அதைப் படித்துவிட்டால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் அது எங்கே கை வைக்கப் போகிறது, எந்த டிரைவில் ஃபிளாப்பியை எதிர்பார்க்கிறது, எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்றைய செட்டப் நிரல்கள் பெரும்பாலும் மூடிய பெட்டிகள், உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்தக் கால நிறுவல் ஃபைல் அப்படியில்லை, வெறும் எழுத்து, யாரும் படிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருத்தலாம். எனக்கு இந்த விஷயத்தின் மேல் இருக்கும் பிரியமே அதனால்தான். படிக்கத் தெரிந்துகொண்டால் கெட்டுப்போன நிறுவலை நீங்களே சரிசெய்யலாம், தொலைந்துபோன பேட்ச் ஃபைலை நீங்களே எழுதிவிடலாம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையெல்லாம் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எம்டி என்றால் டைரக்டரி (இன்றைய ஃபோல்டர்) உருவாக்குவது, சிடி என்றால் அதற்குள் போவது, டிர் என்றால் பட்டியல். கோடூ என்பது "அங்கே போ" என்கிற கட்டளை, பாஸ் என்பது ஒரு கீ அழுத்தும்வரை நிறுத்தி வைப்பது, எக்கோ என்பது திரையில் எழுதிக் காட்டுவது, இஃப் என்பது "இப்படி இருந்தால்" என்கிற நிபந்தனை. மற்றவை போகப்போகப் புரியும்.

எந்த ஆட்டத்துக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது

1984-ல் கிங்ஸ் குவெஸ்ட் முதலில் வந்தபோது நிறுவல் என்ற பேச்சே கிடையாது. டிஸ்க்கைப் போட்டு மெஷினை ஆன் செய்தால் டாஸ் இல்லாமலே ஆட்டம் நேராக ஓடும். அப்படிப்பட்ட டிஸ்க்கை டாஸில் டிர் அடித்துப் பார்த்தால் உருப்படியான பட்டியல் எதுவும் வராது, பிழைச் செய்திதான் வரும். உங்கள் டிஸ்க் அந்த வகை என்றால் இங்கே சொல்லும் எதுவும் அதற்கு உதவாது, அதிலிருந்து பூட் செய்து விளையாட வேண்டியதுதான்.

பேட்ச் ஃபைல் வழியாக நிறுவுவதற்கு இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று ஹார்ட் டிஸ்க். இன்னொன்று, அதில் டைரக்டரி உருவாக்கத் தெரிந்த டாஸ். இரண்டும் 1983-ல் சேர்ந்தே வந்தன. ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது, அதனோடு வந்த டாஸ் 2.0-ல்தான் எம்டி, சிடி எல்லாம் நுழைந்தன, பேட்ச் ஃபைலுக்குள் இஃப், கோடூ, எக்கோ, ஷிஃப்ட் போன்றவையும் அப்போதுதான் கிடைத்தன. அதற்கு முன்னால் பேட்ச் ஃபைல் இருந்தது, ஆனால் வரிசையாகக் கட்டளைகளை ஓட்டுவதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

ஹார்ட் டிஸ்க் வீடுகளுக்குள் வரக் கொஞ்சம் காலம் ஆனது. கலிஃபோர்னியாவின் ஓக்ஹர்ஸ்டில் இருந்த சியரா ஆன்-லைன் நிறுவனம் 1986, 1987 வாக்கில் வெளியிட்ட ஸ்பேஸ் குவெஸ்ட், கிங்ஸ் குவெஸ்ட் 3, போலீஸ் குவெஸ்ட் போன்றவை இதற்கு மிகச் சரியான உதாரணம். அவை டாஸின் கீழ் ஓடும், ஃபிளாப்பியிலிருந்தே விளையாடலாம், வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம். 1990-ல் கிங்ஸ் குவெஸ்ட் 5 வருவதற்குள் கதை மாறிவிட்டது. எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த சவுண்ட் கார்டு, மவுஸ் உண்டா என்று கேட்டுத் தேர்வு செய்ய வைக்கும் தனி இன்ஸ்டால் நிரல்கள் வந்துவிட்டன. பேட்ச் ஃபைலால் பயனரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது என்பது இதற்கு ஒரு காரணம். அதற்கான சாய்ஸ் கட்டளை டாஸ் 6.0-ல், 1993-ல்தான் வந்தது, அதற்குள் நிறுவனங்கள் வேறு பக்கம் போய்விட்டன.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மேலே சொன்ன 1986, 1987 சியரா ஆட்டங்கள் எல்லாம் அட்வெஞ்சர் கேம் இன்டர்பிரட்டர், சுருக்கமாக ஏஜிஐ, என்ற ஒரே இயந்திரத்தின் (என்ஜின் எனப்படும் அடிப்படை நிரலின்) மேல் ஓடியவை. டிர் அடித்தால் வரும் பெயர்களை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நிறுவல் சரியாக முடிந்ததா என்று பின்னால் இவற்றை வைத்துத்தான் சரிபார்க்கப் போகிறோம். லாக்டிர், பிக்டிர், வியூடிர், எஸ்என்டிடிர் என்ற நான்கும் அட்டவணைகள்: ஆட்டத்தின் தர்க்கம், பின்னணிப் படம், நகரும் உருவம், ஒலி ஒவ்வொன்றும் எந்த ஃபைலில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்பவை. உண்மையான சரக்கு வால்.0, வால்.1, வால்.2 என்று எண் போட்ட ஃபைல்களில் இருக்கும். வேர்ட்ஸ்.டாக் என்பது நீங்கள் தட்டும் சொற்களை ஆட்டம் புரிந்துகொள்வதற்கான அகராதி. ஆப்ஜெக்ட் என்பது கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருட்களின் பட்டியல்.

இதைக் கவனித்தால் நிறுவல் என்றால் என்ன என்பதே விளங்கிவிடும். விண்டோஸில் இருப்பதுபோல் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி கிடையாது, வேறெங்கோ போய் ஒளிந்துகொள்ளும் ஃபைல்கள் கிடையாது. எல்லா டிஸ்க்கிலும் உள்ளதை ஒரே டைரக்டரிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நிறுவல். அட்டவணை ஒரு வால் ஃபைலைக் கேட்கும்போது அது பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

அப்படியென்றால் "காப்பி ஏ:*.* சி:\கேம்", அதாவது ஏ என்ற ஃபிளாப்பியில் உள்ள எல்லா ஃபைல்களையும் சி என்ற ஹார்ட் டிஸ்க்கின் கேம் டைரக்டரிக்கு எடு, என்று கையாலேயே தட்டிவிட்டுப் போகலாமே, பேட்ச் ஃபைல் எதற்கு என்று கேட்கலாம். போகலாம், தாராளமாக. எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கணினியை முதல்முறை தொடுபவருக்கு நட்சத்திரக் குறியும் பின்சாய்கோடும் பழக்கமில்லாதவை, அவருக்காகத்தான் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளை யாரோ உட்கார்ந்து எழுதிவைத்தார்கள்.

டிஸ்க்கை வெளியே எடுத்தால் என்ன ஆகும்

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டாஸ் ஒரு பேட்ச் ஃபைலை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதில்லை. ஒரு வரியைப் படிக்கும், அதைச் செய்யும், மறுபடியும் அந்த ஃபைலைத் திறந்து விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைப் படிக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பேட்ச் ஃபைலுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இன்ஸ்டால்.பேட் முதல் ஃபிளாப்பியில் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே "இரண்டாவது டிஸ்க்கைப் போடு" என்று சொல்கிறது, நீங்களும் முதல் டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போடுகிறீர்கள். அடுத்த வரியைப் படிக்க டாஸ் போய்ப் பார்த்தால் அங்கே இன்ஸ்டால்.பேட் இல்லை! உடனே பேட்ச் ஃபைல் உள்ள டிஸ்க்கைப் போடச் சொல்லி ஒரு செய்தி வரும். முதல் டிஸ்க்கைத் திரும்பப் போட்டால் அடுத்த வரியான காப்பி கட்டளை அந்த முதல் டிஸ்க்கிலிருந்தே மறுபடியும் காப்பி எடுக்கத் தொடங்கும். எது நடக்கிறது என்றே புரியாமல் இரண்டு டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே பெயரில் அதே பேட்ச் ஃபைலை எல்லா டிஸ்க்கிலும் வைத்துவிடுவது. டாஸுக்கு ஃபைலின் பெயரும் இடமும் பொருந்தினால் போதும், டிஸ்க் மாறியதை அது பொருட்படுத்தாது. ஆனால் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இருக்கக் கூடாது, ஏனென்றால் எத்தனையாவது எழுத்தில் விட்டோம் என்பதை வைத்துத்தான் அது தொடர்கிறது. இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: முதல் டிஸ்க்கில் உள்ள பேட்ச், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோய், அங்கே போய்ச் சேர்ந்த இன்னொரு பேட்ச் ஃபைலிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

ஒப்படைப்பது என்றால் அந்த இரண்டாவது பேட்சின் பெயரை ஒரு வரியில் எழுதினால் போதும். டாஸில் ஒரு பேட்ச் இன்னொரு பேட்சைப் பெயர் சொல்லி அழைத்தால் கட்டுப்பாடு முழுதாக அங்கே போய்விடும், திரும்பி வராது. திரும்பி வர வேண்டுமென்றால் கால் என்ற கட்டளையை முன்னால் போட வேண்டும், அது 1987-ல் டாஸ் 3.3-ல்தான் வந்தது. திரும்பி வராததைப் பலர் ஒரு குறையாகவே சொல்வார்கள், ஆனால் நிறுவலுக்கு நமக்கு வேண்டியதே அதுதான், ஏனென்றால் திரும்பி வந்தால் ஃபிளாப்பியைத் தேடும்.

நீங்களே எழுதுங்கள்

இரண்டு டிஸ்க் கொண்ட ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம், வால்.2 என்ற ஃபைல் இரண்டாவது டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. எழுத எடிட்டர் இல்லையென்றால் "காப்பி கான் இன்ஸ்டால்.பேட்" என்று தட்டி வரிகளை ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் எஃப்6 அழுத்தி என்டர் தட்டினால் ஃபைல் தயார். ஒரு வரியை முடித்து என்டர் தட்டிய பிறகு அதைத் திருத்த முடியாது என்பதால் மெதுவாக எழுதுங்கள். டாஸ் 5.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எடிட் என்ற நல்ல எடிட்டர் கூடவே இருக்கிறது. எழுதுவது அசல் டிஸ்க்கில் வேண்டாம், எழுத்துத் தடுப்புத் துண்டை ஒட்டிவைத்துவிட்டு ஒரு காப்பி எடுத்து அதில் எழுதுங்கள்.

முதல் டிஸ்க்கில் இன்ஸ்டால்.பேட்:

@எக்கோ ஆஃப்
இஃப் "%1"=="" கோடூ ஹெல்ப்
இஃப் எக்ஸிஸ்ட் %1\கேம்\நல் கோடூ ஸ்டார்ட்
எம்டி %1\கேம்
:ஸ்டார்ட்
காப்பி ஏ:*.* %1\கேம்
%1
சிடி \கேம்
டிஸ்க்2
:ஹெல்ப்
எக்கோ டைப் இன்ஸ்டால் சி:

இதை "இன்ஸ்டால் சி:" என்று ஓட்ட வேண்டும். நீங்கள் பெயருக்குப் பின்னால் தட்டிய "சி:" என்பதுதான் %1 வரும் இடத்திலெல்லாம் போய் உட்காரும். நடுவில் %1 மட்டும் தனியாக ஒரு வரியில் இருக்கிறதே, அது அழகான தந்திரம்: ஓடும்போது அந்த வரி வெறும் "சி:" என்று ஆகிவிடும், அதாவது சி டிரைவுக்கு மாறு. ஹார்ட் டிஸ்க் டி என்றால் "இன்ஸ்டால் டி:" என்று தட்டினால் எல்லாம் தானாக அங்கே போகும், ஃபைலில் ஒரு எழுத்தைத் தொட வேண்டாம். முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் மட்டும் எல்லாம் குழம்பிவிடும், வெறும் "சி" என்பது டாஸுக்கு டிரைவ் இல்லை, ஏதோ ஒரு பெயர்.

இரண்டாவது வரியில் மேற்கோள் குறிகள் கட்டாயம். அவை இல்லாமல் எழுதினால், யாராவது வெறுமனே இன்ஸ்டால் என்று தட்டும்போது ஒப்பிட இடதுபக்கம் ஒன்றுமே இல்லாமல் போய் சின்டாக்ஸ் எர்ரர் வரும். மூன்றாவது வரியில் உள்ள நல் விநோதமாகத் தெரியலாம். இஃப் எக்ஸிஸ்ட் என்பது ஃபைல் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், டைரக்டரி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் நல் என்ற போலிச் சாதனம் இருக்கிற டைரக்டரிக்குள் எல்லாம் இருப்பதாகவே டாஸ் பதில் சொல்லும், ஆகவே நல் இருந்தால் டைரக்டரி இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை வைத்தே எழுதியவர் டாஸ் நன்றாகத் தெரிந்தவரா என்று சொல்லிவிடலாம்.

முதல் வரியின் @ குறி டாஸ் 3.3-ல் வந்தது. அதற்கும் பழையதில் ஓட்டுவதென்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள், "எக்கோ ஆஃப்" என்ற சொல் ஒருமுறை திரையில் தெரியும், வேறு பாதகமில்லை.

அதே முதல் டிஸ்க்கில் டிஸ்க்2.பேட் என்று இன்னொன்று:

@எக்கோ ஆஃப்
:ஆஸ்க்
எக்கோ இன்சர்ட் டிஸ்க் 2 இன் டிரைவ் ஏ
பாஸ்
இஃப் நாட் எக்ஸிஸ்ட் ஏ:வால்.2 கோடூ ஆஸ்க்
காப்பி ஏ:*.*
இஃப் நாட் எக்ஸிஸ்ட் வால்.2 கோடூ ஃபுல்
எக்கோ டன்
கோடூ எண்ட்
:ஃபுல்
எக்கோ டிஸ்க் ஃபுல்
:எண்ட்

இதில் உயிர்நாடி ஐந்தாவது வரி. போட்டது சரியான டிஸ்க்தானா என்று, அதில் மட்டுமே இருக்கும் ஒரு ஃபைலை வைத்துப் பார்க்கிறது, இல்லையென்றால் திரும்பவும் கேட்கிறது. நான் முதன்முதலில் இப்படி ஒன்று எழுதியபோது இந்த வரியை வைக்கவில்லை, பாஸ் வந்ததும் டிஸ்க்கை மாற்ற மறந்து என்டரைத் தட்டிவிட்டேன், முதல் டிஸ்க்கே இரண்டாம் முறையும் காப்பி ஆகி "முடிந்தது" என்று சொல்லிவிட்டது. ஆட்டமும் ஆரம்பித்தது, முதல் சில திரைகள் நன்றாகவே ஓடின, ஒரு கதவைத் தாண்டியதும் தேவையான ஃபைல் இல்லாமல் நின்றுபோனது. கோளாறு ஆட்டத்தில் என்று நினைத்து அன்று சாயங்காலம் முழுவதும் தேடினேன். அதிலிருந்து இந்தச் சோதனை இல்லாத பேட்ச் ஃபைலைப் பார்த்தால் நானே ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் ஓட்டுவேன்.

ஏழாவது வரியும் முக்கியம். காப்பி என்பது டாஸின் உள்கட்டளை, அது வெற்றியா தோல்வியா என்பதை எர்ரர்லெவல் (ஒரு நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) வழியாகச் சொல்லாது. இடம் போதாமல் நின்றாலும் பேட்ச் அதுபாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் வந்து சேர வேண்டிய ஃபைல் வந்ததா என்று நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. டாஸ் 3.2-ல் வந்த எக்ஸ்காப்பி எர்ரர்லெவல் தரும், ஆனால் அது தனி நிரல், எல்லோர் மெஷினிலும் எட்டும் இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. எர்ரர்லெவலைச் சோதிக்கும் வரிகளை எங்காவது பார்த்தால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்கி வருகிறதா என்று கவனியுங்கள். "இஃப் எர்ரர்லெவல் 1" என்றால் 1 அல்லது அதற்கு மேல் என்று பொருள், ஆகவே 1-ஐ முதலில் சோதித்தால் 4, 5 எல்லாமே அந்த வலையில் விழுந்துவிடும்.

கோடூ போகும் அடையாளப் பெயர்களில் முதல் 8 எழுத்துகளைத்தான் டாஸ் கணக்கில் எடுக்கும். நீளமான பெயர் வைத்து, முதல் 8 எழுத்து ஒன்றாக இருந்துவிட்டால், முதலில் கண்ணில் படுகிற இடத்துக்குத் தாவிவிடும். சின்னப் பெயராக வையுங்கள்.

வேறு யாரோ எழுதியதை ஓட்டும்போது

அசல் டிஸ்க்கோடு வந்த பேட்ச் ஃபைல் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் காரணம் ஏ: என்று உள்ளே நேரடியாக எழுதியிருப்பதுதான். உங்கள் மூன்றரை அங்குல டிரைவ் பி ஆக இருக்கும், பேட்ச் ஏ-யையே தட்டிக்கொண்டிருக்கும். காப்பி எடுத்து உள்ளே திருத்துவது நேர்வழி. திருத்த மனமில்லை என்றால் டாஸ் 5.0 வரை இருந்த அசைன் கட்டளை உதவும்: "அசைன் ஏ=பி" என்று தட்டினால் ஏ-க்குப் போகும் கோரிக்கைகள் பி-க்குத் திரும்பும். வேலை முடிந்ததும் வெறும் அசைன் என்று தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

"சி:" என்று எழுத்தோடு எழுத்தாக ஒப்பிடும் வரி இருந்தால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியம். டாஸ் பெரும்பாலான இடங்களில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், இஃப் ஒப்பீட்டில் வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். "தவறான டிரைவ்" என்று ஒரு பேட்ச் பிடிவாதம் பிடித்தால் கேப்ஸ் லாக் போட்டுவிட்டு ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

டிரைவ் காலியாக இருக்கும்போது பேட்ச் அதைத் தொட்டால் அபார்ட், ரீட்ரை என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பதற்றப்பட வேண்டாம், டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஆர் கீயை அழுத்துங்கள். ஏ-யை அழுத்திப் பாதியில் விட்டுவிட்டால் பாதி காப்பியான டைரக்டரி மிஞ்சும், அதன்மேல் மறுபடி நிறுவினால் பழைய டாஸில் காப்பி எதுவும் கேட்காமல் மேலெழுதிவிடும் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. டாஸ் 6.2 மேலெழுதும் முன் கேட்கும், ஆனால் பேட்ச் ஃபைலுக்குள் இருந்து ஓடும்போது அதுவும் கேட்காது.

டைப் அடித்துப் பார்க்கும்போது ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற பெயர் கண்ணில் பட்டால் அங்கே நிறுத்தி நன்றாகப் பாருங்கள், மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் தானாக ஓடும் பேட்ச் ஃபைல் அது. சில பேட்ச் ஃபைல்கள் எக்கோ வழியாக அதில் ஒரு வரி சேர்க்கும். >> என்று இரண்டு குறி இருந்தால் கடைசியில் சேர்க்கிறது, நல்லது. > என்று ஒற்றைக் குறி இருந்தால் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு எழுதும், உங்கள் மெஷின் அடுத்த முறை ஆன் ஆகும்போது அதில் இருந்த மவுஸ் டிரைவர் போன்ற அமைப்புகள் எதுவும் இருக்காது. அப்படி ஒரு வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் ஆட்டோஎக்ஸெக்.பேட்டை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துவைத்துவிடுங்கள். நீங்கள் எழுதும் பேட்சிலும் இதே குறி வேறு விதமாகக் காலை வாரும்: திரையில் அழகாகத் தெரியட்டும் என்று எக்கோ வரியில் என்டர் என்ற சொல்லை < > குறிகளுக்குள் போட்டால் டாஸ் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ளாது, அந்தப் பெயரில் ஒரு ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடும்.

நிறுவிய பிறகும் முதல் டிஸ்க் கேட்கிறதே

சியராவின் அந்தக் கால ஆட்டங்களில் இது நடக்கும், உங்கள் பேட்ச் ஃபைலில் தவறில்லை. காப்பி எடுத்து விற்பதைத் தடுக்க அசல் முதல் டிஸ்க்கில் சாதாரண முறையில் காப்பி ஆகாத ஒரு பகுதியை வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் முக்கிய நிரல் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் சாவி அந்தப் பகுதியில் இருக்கும். ஆகவே எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்த பிறகும், தொடங்கும்போது அசல் டிஸ்க்கை ஏ டிரைவில் போடச் சொல்லும். சாதாரண இமேஜ் ஃபைலில் (ஒரு ஃபிளாப்பியின் முழு நகலை ஒரே ஃபைலாக எடுத்தது) அந்தப் பகுதி வந்திருக்காது என்பதால் இமேஜ் வைத்து நிறுவுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பின்னாளில் வந்த தொகுப்புப் பதிப்புகளில் இந்தச் சோதனை எடுக்கப்பட்டுவிட்டது, அவை கிடைத்தால் அவற்றையே பயன்படுத்துங்கள்.

தினமும் தொடங்க ஒரு குட்டி பேட்ச்

நிறுவல் முடிந்தால் போதாது, ஒவ்வொரு முறையும் டைரக்டரி மாற்றி உள்ளே போய்த் தொடங்குவது அலுப்பு. சி:\பேட் என்று ஒரு டைரக்டரி உருவாக்கி, அதை பாத் வரியில் (டாஸ் நிரல்களைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) சேர்த்துவிட்டு, அதற்குள் ஆட்டத்தின் பெயரில் ஒரு பேட்ச் வையுங்கள். உள்ளே ஐந்தே வரி: எக்கோ ஆஃப், பிறகு சி:, பிறகு சிடி \கேம், பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் நிரலின் பெயர், சியரா ஆட்டங்கள் பலவற்றில் அது சியரா என்பதே, கடைசியாக சிடி \ என்று வெளியே வருவது. மவுஸ் டிரைவரை இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஏற்ற வேண்டுமென்றால் அதையும் இங்கேயே சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை, இந்த பேட்சுக்கு வைத்த பெயரும் தொடங்கும் நிரலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஆட்டத்தின் டைரக்டரிக்குள் நிற்கும்போது டாஸ் அங்குள்ள நிரலையே முதலில் எடுக்கும் என்றாலும், டைரக்டரி மாறாமல் போய்விட்டால் பேட்ச் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். அப்படி ஆனால் கன்ட்ரோல்+சி, பிறகு ஒய்.

டாஸ்பாக்ஸில்

ஃபிளாப்பி டிரைவ் இல்லாதவர்களுக்கு, இன்றைய கணினியில் டாஸ் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல்தான் வழி. சி டிரைவாகத் தெரியும்படி ஒரு ஃபோல்டரை மவுண்ட் செய்யுங்கள். ஃபிளாப்பிகள் இமேஜ் ஃபைல்களாக இருந்தால் "இம்ஜிமவுண்ட் ஏ" என்று தொடங்கி எல்லா இமேஜ்களின் பெயரையும் ஒரே வரியில் வரிசையாகக் கொடுத்து, கடைசியில் -டி ஃபிளாப்பி என்று சேர்க்க வேண்டும். பிறகு ஏ:-க்குப் போய் இன்ஸ்டால் ஓட்டுங்கள். அடுத்த டிஸ்க்கைக் கேட்டு பாஸில் நிற்கும்போது கன்ட்ரோல்+எஃப்4 அழுத்தினால் அடுத்த இமேஜுக்கு மாறும், அதன்பிறகு என்டர்.

இமேஜ் இல்லை, ஃபைல்கள் மட்டும் இருக்கின்றன என்றால் எல்லா டிஸ்க்கின் ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி அதை "மவுண்ட் ஏ ... -டி ஃபிளாப்பி" என்று ஏ ஆக்கிவிடுங்கள். பேட்ச் ஃபைல் ஏ:வால்.2 இருக்கிறதா என்றுதானே பார்க்கிறது, இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் என்டர் தட்டினால் முடிந்தது. ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட ஃபைல்கள் இரண்டு டிஸ்க்கில் இருந்தால் மட்டும் இந்த வழி ஆகாது, அளவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரண டாஸ்பாக்ஸில் எக்ஸ்காப்பி கிடையாது, அதை நம்பி எழுதிய பேட்ச் அந்த வரியில் தோற்றுவிடும், அந்த வரியைக் காப்பி என்று மாற்றினால் பெரும்பாலும் போதும். துணை டைரக்டரிகள் இருந்தால் அவற்றை நீங்களே உருவாக்கித் தனித்தனியே காப்பி எடுக்க வேண்டும்.

ஸ்கம்விஎம் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை. பழைய சாகச ஆட்டங்களை இன்றைய கணினிகளில் ஓட்டும் அந்த நிரல் ஏஜிஐ ஆட்டங்களைத் தன் சொந்த இயந்திரத்தில் ஓட்டும், அட்டவணை ஃபைல்கள், வால் ஃபைல்கள், வேர்ட்ஸ்.டாக், ஆப்ஜெக்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் அதை அடையாளம் கண்டுகொள்ளும், அசல் டிஸ்க்கையும் கேட்காது.

நீக்க வேண்டும் என்றால் ஆட்டத்தின் டைரக்டரிக்குள் போய் டெல் *.*, கேட்டால் ஒய், பிறகு சிடி \, பிறகு ஆர்டி கேம். அதற்கு முன்னால் ஒருமுறை டிர் அடித்து, எஸ்ஜி என்று முடியும் பெயரும் பின்னால் எண்ணும் கொண்ட ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை நீங்கள் விளையாடிச் சேமித்தவை, ஒரு ஃபிளாப்பியில் எடுத்துவைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.